கிரிப்டோ வந்தா பேங்க் எதுக்கு?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டது — 2 நவம்பர் 2025

"எங்கம்மா கணக்குல குறைஞ்சபட்ச இருப்பு இல்லன்னு சொல்லி பேங்க்ல பணத்தைப் பிடிச்சுட்டாங்க. அந்தக் கணக்குக்கு வர்றதே மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாதான். பிட்காயின் மாதிரி யாருக்கும் சொந்தமில்லாத பணம் வந்துட்ட பிறகு நமக்கு பேங்க் எதுக்கு? பத்து வருஷத்துல எல்லா பேங்கும் காலியாகும்னு சொல்றேன். இல்லன்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க."

2 நவம்பர், ராத்திரி

தம்பி, அம்மா பணத்தைப் பிடிச்சது அநியாயம். அதுல ரெண்டு பேச்சே இல்ல. 2023 செப்டம்பர் 15-ல உரிமைத் தொகை தொடங்குன உடனே இதே புகார் பல ஊர்ல இருந்து வந்தது. நலத்திட்டப் பணத்துல கை வைக்காதீங்கன்னு மாநில அரசே பேங்குகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. முதல்ல அந்தக் கணக்கை ஜீரோ பேலன்ஸ் கணக்கா மாத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க. வாயால கேட்காதீங்க, எழுதிக் கொடுத்து நகல்ல சீல் வாங்கிக்குங்க.

ஆனா அங்கிருந்து "பேங்கே வேணாம்"னு போறது ரொம்பப் பெரிய தாவல். நான் காசிமேட்டுல போட் கணக்கு எழுதுறவ. காசு எங்க இருந்து வருது, யார் கையில தங்குதுன்னு தினமும் பார்க்குறேன். நாளைக்கு எழுதுறேன்.

3 நவம்பர்

பிட்காயின் எதுக்காக வந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா உங்க கோபமும் அதுவும் ஒரே இடத்துல இருந்து வருது. 2008-ல அமெரிக்காவுல பேங்குகள் வரிசையா கவுந்துக்கிட்டிருந்தப்போ, அக்டோபர் 31 அன்னைக்கு சதோஷி நகமோட்டோங்குற பேர்ல ஒரு ஒன்பது பக்கக் கட்டுரை வெளியாச்சு. 2009 ஜனவரி 3-ல முதல் பிளாக், அதாவது பிட்காயின் கணக்குப் புத்தகத்தோட முதல் பக்கம். பேங்குகளைக் காப்பாத்த அரசு ரெண்டாவது தடவையும் பணம் இறக்கப் போகுதுன்னு அன்னைக்கு லண்டன் டைம்ஸ்ல வந்த தலைப்பை அந்தப் பிளாக்குக்குள்ளயே பதிச்சு வச்சிருக்காங்க. பேங்க் மேல வந்த ஆத்திரத்துல பிறந்த பணம் அது. அந்த ஆத்திரத்தை நான் மதிக்குறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பேங்க் மூணு வேலை செய்யுது: பணத்தைப் பத்திரமா வச்சிருக்கு, ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு அனுப்புது, கடன் கொடுக்குது. கிரிப்டோ பேசுறவங்க எல்லாம் நடுவுல இருக்குற வேலையைப் பத்தியே பேசுறாங்க.

அனுப்புறதை மட்டும் எடுத்துக்கிட்டாலும், பிட்காயின்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக். பிளாக்கு மேல பிளாக்கா கோத்த அந்தச் சங்கிலி விநாடிக்கு ஏழு பரிமாற்றம் வரைக்கும்தான் தாங்கும். போன அக்டோபர்ல யூபிஐ வழியா நடந்தது 2,070 கோடி. வகுத்துப் பார்த்தா சராசரியா விநாடிக்கு 7,700. ஞாயித்துக்கிழமை விடியக்காலை காசிமேட்டுக்கு வந்து பாருங்க. மீன் கூடைக்குப் பக்கத்துல கியூஆர் அட்டை இருக்கும், வஞ்சிரம் வாங்குனவரு சில்லறைக்குக் காத்து நிக்கிறதில்ல. பத்து நிமிஷம் கழிச்சுதான் காசு உறுதியாகும்னா அந்தக் கூடைக்காரம்மா அடுத்த ஆளுக்கு மீனைக் கொடுத்துடுவாங்க.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். இந்த வருஷம் ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யூபிஐ மணிக்கணக்கா தடுமாறுச்சு. பிட்காயின் சங்கிலி 2013-க்கு அப்புறம் அப்படி நின்னதில்ல. மையத்துல ஒரு இடம் கெட்டா எல்லாரும் நிக்கணும்ங்குறது உண்மையான ஆபத்து.

3 நவம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

"லைட்னிங் வந்தாச்சு அக்கா, அதுல விநாடியில போயிடும்"னு ஒருத்தர் எழுதியிருக்காரு. போகும். சங்கிலிக்கு வெளிய கணக்கை நடத்திட்டு, கடைசியில சங்கிலியில எழுதுற ஏற்பாடு அது. அதுக்கு முன்னாடியே பணத்தைப் பூட்டி வைக்கணும். பூட்டி வைக்க உபரிப் பணம் இருக்குறவங்களுக்கு அது சரி. இதுதான் என்னோட அடுத்த விஷயமும்.

4 நவம்பர்

கடன்.

காசிமேடு, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, எண்ணூர் வரைக்கும் கூடை வச்சு விக்கிற பொம்பளைங்களுக்குக் காலையில ஏலம் எடுக்கக் காசு வேணும். சாயங்காலம் வரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டாங்க. அதனால தண்டல் வாங்குவாங்க. பத்தாயிரம் தண்டல்னா கையில எட்டாயிரத்து ஐநூறு கொடுப்பாங்க. தினமும் நூறு ரூபா, நூறு நாள் கட்டணும். பார்க்க ஆயிரத்து ஐநூறுதான் வட்டின்னு தோணும். ஆனா முதல் நாள்ல இருந்தே அசலும் குறைஞ்சுக்கிட்டே வருதே. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டா நாளைக்கு 0.33 சதவீதம், வருஷத்துக்கு 120 சதவீதம். நான் இதைப் போட்டுக் காட்டுனப்போ ஒரு அக்கா நம்பவே இல்ல, கால்குலேட்டரைப் பிடுங்கித் தானே தட்டிப் பார்த்தாங்க.

தமிழ்நாட்டுல 2003-லயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு. ஆனாலும் தண்டல்காரர் காலையில அஞ்சு மணிக்கு ஏலக்கூடத்துக்கே வந்து நிக்கிறாரு. பேங்க் பத்து மணிக்குத் திறக்குது, காகிதம் கேக்குது, முறைச்சுப் பார்க்குது. அதனாலதான் தண்டல் ஜெயிக்குது.

தம்பி, இப்ப நான் கேக்குறேன். பிட்காயின் இந்தப் பொம்பளைக்கு நாளைக்குக் காலையில எட்டாயிரத்து ஐநூறு கொடுக்குமா? அது ஒரு பேரேடு. எழுதி வச்சதை யாரும் அழிக்க முடியாத நல்ல பேரேடு. ஆனா கையில இல்லாதவங்களுக்கு அதுல எழுத எதுவும் இல்ல.

6 நவம்பர்

தம்பி பதில் போட்டிருக்காரு: "டீஃபைல கடன் கொடுக்குறாங்க, ஆதார் கேக்குறதில்ல, மேனேஜர் முறைக்கிறதில்ல."

டீஃபைன்னா மேனேஜரே இல்லாம கம்ப்யூட்டர் நிரலே கிரிப்டோவுல கொடுக்கல் வாங்கல் நடத்துறது. உண்மைதான், முறைக்கிறதில்ல. ஆனா எப்படிக் கொடுக்குதுன்னு பாருங்க. மேக்கர்டாவோன்னு ஒண்ணு, இந்தக் கடன் முறைக்கு முன்னோடி. அதுல ஆரம்பத்துல இருந்த விதிப்படி நூறு டாலர் கடன் வேணும்னா குறைஞ்சது நூத்தைம்பது டாலர் மதிப்புக்கு ஈதர்ங்குற காயினை அடகு வைக்கணும். நீங்க யாருன்னு தெரியாத நிரலுக்கு வேற வழி இல்ல. உங்க பேச்சை நம்ப முடியாது, உங்க வியாபாரத்தைப் பார்க்க முடியாது, அதனால கடனை விடப் பெரிய பொருளைப் பூட்டிக்குது. நூத்தைம்பது வச்சிருக்குறவங்களுக்கு நூறு கிடைக்கும். ஒண்ணும் இல்லாதவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.

இன்னொண்ணு. 2020 மார்ச் 12, கொரோனா பயத்துல ஈதர் விலை ஒரே நாள்ல 40 சதவீதத்துக்கு மேல விழுந்தது. அடகு மதிப்பு எல்லையைத் தாண்டி இறங்கின உடனே நிரல் தானா ஏலம் போட்டுடுச்சு. வலைப்பின்னல்ல நெரிசல், கட்டணம் எகிறிப் போச்சு, கேக்குறவங்க உள்ள வர முடியல. உள்ள இருந்த சில பேர் பூஜ்யம்னு விலை கேட்டாங்க. ஏலம் அவங்களுக்கே முடிஞ்சது. அப்படி 80 லட்சம் டாலருக்கு மேல மதிப்புள்ள ஈதர் சும்மா போச்சு. அடகு வச்சவங்களுக்கு மிச்சம் எதுவும் வரல.

நான் ஏலத்துக்கு நடுவுல வளர்ந்தவ. எங்க ஏலக்கூடத்துலயும் விலை விழும், மீன் குவிஞ்ச நாள்ல சங்கரா தண்ணி விலைக்குப் போகும். ஆனா ஒரு கூடைக்கு யாரும் கேக்கலன்னா ஏலம் விடுறவரு நிறுத்துவாரு. "யோவ், இன்னாய்யா இது"ன்னு ஒரு சத்தம் போடுவாரு. போட் ஓனரைப் பார்ப்பாரு, ஐஸ் போட்டு வைக்கலாமான்னு கேப்பாரு. அந்த நிறுத்தத்துக்கு ஒரு ஆள் வேணும். நிரல்ல அந்த ஆள் இல்ல. ஏலக்காரரு எல்லாரும் நல்லவங்கன்னு நான் சொல்ல வரல. போட் ஓனருக்கு முன்பணம் கொடுத்துட்டு மீனைத் தன்கிட்டதான் போடணும்னு கட்டி வைக்கிறவங்களையும் தெரியும். ஆனா அவங்ககிட்டப் போய்ச் சண்டை போடலாம், சங்கத்துல சொல்லலாம்.

9 நவம்பர்

திருவொற்றியூர்ல இருந்து ஒரு அண்ணன் கேட்டது: "பேங்க்ல போட்டா மட்டும் பத்திரமா? பிஎம்சி பேங்க் ஞாபகம் இல்லையா?"

இருக்குண்ணே. 2019 செப்டம்பர்ல மும்பையில இருந்த அந்தக் கூட்டுறவு பேங்க்ல முதல்ல ஆயிரம் ரூபாதான் எடுக்க விட்டாங்க. 2020 மார்ச்ல யெஸ் பேங்க்ல ஐம்பதாயிரம்னு கட்டுப்பாடு. அதே 2020-லதான் வைப்புக் காப்பீடு ஒரு லட்சத்துல இருந்து அஞ்சு லட்சமாச்சு. ஒரு லட்சம்ங்குறது 1993-ல வச்ச எல்லை, அத்தனை வருஷம் அப்படியே கிடந்தது. பேங்க் கவுந்தா அஞ்சு லட்சம் வரைக்கும் சட்டப்படி வரும். கிரிப்டோ பக்கம் காயின் வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்சுங்களைப் பாருங்க: 2014-ல மவுண்ட் காக்ஸ் கவுந்தது, 2022-ல எஃப்டிஎக்ஸ் கவுந்தது, 2024 ஜூலையில நம்ம ஊர் வசீர்எக்ஸ்ல சுமார் 23 கோடி டாலர் திருட்டு. இதுக்கெல்லாம் காப்பீடு கிடையாது.

"எக்ஸ்சேஞ்சில வச்சா அப்படித்தான், சாவியை நீங்களே வச்சுக்கணும்"னு உடனே சொல்வாங்க. சரி, சாவியை நாமளே வச்சுக்கலாம். காயினைத் திறக்குற அந்தச் சாவி பன்னெண்டு ரகசிய வார்த்தை, இல்லன்னா இருபத்துநாலு வார்த்தை. அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, தொலைக்கக் கூடாது.

எங்க கரையில கடலுக்குப் போனவங்க எல்லாரும் திரும்பி வர்றதில்ல. உடம்பு கிடைக்கலன்னா இறப்புச் சான்று உடனே கிடைக்காது. ஏழு வருஷம் தகவல் இல்லன்னாதான் இறந்ததா சட்டம் எடுத்துக்கும். அப்படிப் போன ஒருத்தரோட சம்சாரத்தோட நான் ஒரு பேங்குக்குப் பல தடவை போயிருக்கேன். எஃப்ஐஆர், கண்டுபிடிக்க முடியலன்னு போலீஸ் கொடுக்குற அறிக்கை, பொறுப்புறுதிப் பத்திரம். சின்னத் தொகைக்கு இவ்வளவோட முடிக்கலாம்னு ரிசர்வ் வங்கி 2008-லயே வழி சொல்லியிருக்கு. அதை அந்தக் கிளையில இருந்தவங்களுக்கு நாங்கதான் எடுத்துச் சொன்னோம். அந்தம்மா கவுண்ட்டர்ல நின்னு அழுதப்போ எனக்கு வந்த கோபம் இப்பவும் அப்படியே இருக்கு.

ஆனா கடைசியில பணம் வந்தது. போய் நிக்க ஒரு கவுண்ட்டர் இருந்தது, காட்ட ஒரு விதி இருந்தது. அந்த மனுஷன் பன்னெண்டு வார்த்தையை மனசுலயே வச்சுக்கிட்டுக் கடலுக்குப் போயிருந்தா? அந்தம்மாவுக்கு அழக்கூட ஒரு இடம் இருந்திருக்காது.

இந்த நவம்பர் 1-ல இருந்து ஒரு கணக்குக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம். கடலுக்குப் போற வீட்டுக்காரங்க எல்லாரும் இந்த வாரமே போய்ப் பாருங்க. நிறையப் பேர் கணக்குல நாமினி இடம் காலியா இருக்கு.

10 நவம்பர்

கிரிப்டோவுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லன்னு சொல்றது இனிமே சரியில்ல, அதையும் எழுதிடறேன். போன மாசம்தான் பாரிமுனையில நம்ம உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு உத்தரவு போட்டாரு. கிரிப்டோ நாணயம் இல்ல, ஆனா சொத்து. ஒருத்தர் அனுபவிக்கலாம், நம்பிக்கையின் பேர்ல இன்னொருத்தர் வச்சிருக்கலாம்னு. வசீர்எக்ஸ் திருட்டுக்கு அப்புறம் முடக்கப்பட்ட எக்ஸ்ஆர்பிங்குற காயினை வச்சிருந்த ஒருத்தர் தொடுத்த வழக்கு. அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பா என்ன சொன்னாங்க? வசீர்எக்ஸ் நடத்துற கம்பெனிகிட்ட, வங்கி உத்தரவாதம் கொடு, இல்லன்னா எஸ்க்ரோவுல, அதாவது மூணாவது ஆள் பொறுப்புல இருக்குற கணக்குல, பணத்தைக் கட்டுன்னு.

வங்கி உத்தரவாதம்! யாரையும் நம்பத் தேவையில்லாத பணம்னு வந்தது, நம்பிக்கை கேள்விக்கு வந்தப்போ நீதிமன்றத்துக்கும் பேங்குக்கும்தான் வந்து நின்னது.

13 நவம்பர்

பாரிமுனைன்னு எழுதுனதும் அந்தக் காலத்து ஆர்பத்நாட் பேங்க் ஞாபகம் வந்தது. பேங்க் மேல மெட்ராஸ்காரங்களுக்கு வந்த ஆத்திரம் புதுசில்ல. 1906 அக்டோபர் 22-ல ஆர்பத்நாட் கம்பெனி கவுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களோட சேமிப்பு போச்சு, விதவைங்க, ஓய்வு பெத்தவங்க, சின்ன உத்தியோகக்காரங்க. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாசம் கடுங்காவல் தண்டனை. வெள்ளைக்கார ஆட்சியிலேயே ஒரு வெள்ளைக்கார பேங்கர் ஜெயிலுக்குப் போனாரு.

அப்போ நம்ம ஆளுங்க என்ன செஞ்சாங்க? வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்ன நின்னு நாமளே ஒரு பேங்க் கட்டுவோம்னு பங்கு திரட்டுனாரு. 1907 ஆகஸ்ட் 15-ல இந்தியன் பேங்க் பாரிஸ் கட்டடத்துல திறந்தது. பிராட்வேல இருந்து நடக்குற தூரம்தான். ஏமாத்துன பேங்குக்குப் பதில் பேங்கே இல்லாம இருப்போம்னு அவங்க முடிவு பண்ணல. கேள்வி கேக்கக்கூடிய பேங்க் வேணும்னு நினைச்சாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இதோட 2016-ல, ஈதர் ஓடுற சங்கிலியான எத்திரியத்துல நடந்ததை வச்சுப் பாருங்க. டாவோங்குற நிதியில இருந்த நிரல் ஓட்டையில ஒருத்தர் 36 லட்சம் ஈதரை உருவிட்டாரு. நிரல்தான் சட்டம்னா அது திருட்டே இல்ல, நிரல் விட்டது, அவரு எடுத்தாரு. ஆனா மனுஷங்க கூடிப் பேசி ஜூலையில சங்கிலியையே பிரிச்சு, நடந்ததை மாத்துனாங்க. மாத்தக் கூடாதுன்னு நின்னவங்க எத்திரியம் கிளாசிக்னு தனியா போனாங்க. யாருக்கும் சொந்தமில்லாத பணம்னு சொன்னீங்களே தம்பி, நெருக்கடி வந்தப்போ முடிவெடுக்க அங்கயும் ஆளுங்க இருந்தாங்க. அவங்க யாருன்னு வடசென்னையில இருக்குற நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

19 நவம்பர்

நேத்து பிட்காயின் 90,000 டாலருக்குக் கீழ இறங்குச்சு. அக்டோபர் முதல் வாரத்துல 1,26,000. ஒன்றரை மாசத்துல இது. டீசலுக்கும் ஐஸுக்கும் முன்பணம் எடுத்து, பல நாள் கடல்லயே இருக்குற தங்கல் போயிட்டு வந்து பங்கு பிரிக்கிற தொழில்ல இந்தப் பணத்துல கணக்கே எழுத முடியாது. போகும்போது வாங்குன கடன் திரும்பி வரும்போது வேற தொகையா நிக்கும்.

"அதுக்குத்தான் ஸ்டேபிள்காயின்"னு சொல்வீங்க. எப்பவும் ஒரு டாலர் விலையிலயே நிக்கணும்னு, பின்னால காப்புப் பணம் வச்சு விடுற காயின் அது. அப்படி ஒண்ணான யூஎஸ்டிசியோட காப்புப் பணத்துல 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி பேங்க்ல இருந்தது. 2023 மார்ச்ல அந்த பேங்க் கவுந்ததும் ஒரு டாலர் காயின் 88 சென்ட் வரைக்கும் போச்சு. அமெரிக்க அரசு அந்த பேங்க்ல போட்டவங்க எல்லாருக்கும் முழுப் பணம் உண்டுன்னு அறிவிச்ச பிறகுதான் பழைய விலைக்கு வந்தது. பேங்குக்குப் பதிலா வரப் போற காயின், பேங்க்ல பணம் போட்டு வச்சிருக்கு.

21 நவம்பர்

மண்ணடியில இருந்து ஒரு பாய் நல்ல கேள்வி கேட்டாரு. வளைகுடாவுல இருந்து தம்பி அனுப்புற பணத்துல கமிஷன், மாற்று விலைன்னு கணிசமா போகுது, அங்க கிரிப்டோ உதவாதான்னு.

உதவும் பாய். உலக அளவுல 200 டாலர் அனுப்ப சராசரியா ஆறு சதவீதத்துக்கு மேல போகுதுன்னு உலக வங்கியே சொல்லுது. ஏழைங்க அனுப்புற காசுல ஆறு சதவீதம் கொள்ளைதான். ஸ்டேபிள்காயின்ல அது குறையும். 3-ஆம் தேதி நான் யூபிஐயை வச்சுப் பேசினது உள்நாட்டுக்கு மட்டும்தான். கடல் தாண்டிப் போற பணத்துக்கு அந்த வாதம் அப்படியே நிக்காது. சொந்த நாட்டு நாணயமே தினம் கரையுற ஊர்ல இருக்குறவங்களுக்கும் இது தேவை. அதை நான் மறுக்கல.

ஆனா அங்கயும் மாத்தி வாங்குற முனை ஒண்ணு இருக்கே. தம்பி அனுப்புனதை ரூபாயாக்குற இடத்துல தெரியாத ஆள் கணக்குல இருந்து பணம் வந்து, அது ஏதோ மோசடிப் பணம்னு கணக்கையே முடக்குனா, காவல் நிலையத்துக்கு அலையறது நீங்கதான். பதிவு பண்ணியிருக்குற எக்ஸ்சேஞ்சா பார்த்துப் பண்ணுங்க.

எல் சால்வடோர் கதையையும் இங்க சொல்லணும். 2021 செப்டம்பர் 7-ல பிட்காயினைச் சட்டப்பூர்வப் பணமாக்குன முதல் நாடு. வெளிநாட்டுல இருந்து வர்ற பணத்துக்கு உதவும்னுதான் பெருசா சொன்னாங்க. 2025 ஜனவரியில சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் வாங்கியே ஆகணும்ங்குறதை எடுத்துட்டாங்க. ஒரு அரசே பின்னால நின்னு தள்ளியும் ஜனங்க டாலரைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க.

25 நவம்பர்

"அப்போ பேங்க் இப்படியே இருக்கட்டும்னு சொல்றீங்களா"ன்னு தம்பி கேக்குறாரு. இல்லவே இல்ல.

2018-19 பட்ஜெட்ல இருந்து மீனவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. ரெண்டு லட்சம் வரைக்கும் ஏழு சதவீதம், ஒழுங்கா கட்டுனா நாலு சதவீதம். இந்த வருஷம் ஜனவரியில இருந்து ரெண்டு லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. தெருவுல விக்கிறவங்களுக்கு ஸ்வநிதி, முதல் கடன் இப்ப பதினஞ்சாயிரம், அடமானம் இல்ல. கூடைக்காரம்மாவும் தெரு வியாபாரிதான். ஒரு பக்கம் 120 சதவீதம், இன்னொரு பக்கம் நாலு, ஏழு. இந்த வித்தியாசத்துல ஒரு பொண்ணு காலேஜ் முடிச்சுடலாம்.

கையில ஒண்ணும் இல்லாதவங்களுக்கு, யாருன்னு தெரிஞ்சு, தொழிலைப் பார்த்து, அடமானம் இல்லாம கொடுக்குறது. இந்த வேலையை எந்தக் காயினும் செய்யல, செய்யுற மாதிரியும் இல்ல. பேங்குக்கு இது கடமை, விதியிலயும் எழுதியிருக்கு, ஆனா செய்யாம தட்டிக் கழிக்குது. நம்ம கோபத்தை நான் அங்கதான் செலவழிக்கணும்னு சொல்றேன். பத்து வருஷத்துல பேங்க் காலியாகணும்னு காத்திருந்தா அந்தப் பத்து வருஷமும் தண்டல்காரருக்குத்தான் லாபம்.

25 நவம்பர், ராத்திரி

கொருக்குப்பேட்டைல இருந்து ஒரு அக்கா, "நாங்க ஏலச்சீட்டுலதான் எல்லாம் பார்க்குறோம், அதுவும் பேங்க் இல்லாத முறைதானே"ன்னு. ஆமாக்கா, அழகான முறை. ஆனா அது ஓடுறது தெருவுல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுறதாலதான். பேர் தெரியாதவங்களுக்கு நடுவுல சீட்டு ஓடாது. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்குற சீட்டான்னு மட்டும் பார்த்துக்குங்க.

1 டிசம்பர்

மழை. போட் எதுவும் போகல, கணக்கு நோட்டுல எழுத ஒண்ணும் இல்ல, அதனால தம்பியோட கடைசிக் கேள்விக்குப் பதில். கொஞ்சம் காயின் வாங்கி வச்சிருக்காராம், வித்தா என்ன ஆகும்னு.

லாபத்துல 30 சதவீதம் வரி, அதுக்கு மேல செஸ். 2022 ஏப்ரல்ல இருந்து இதுதான். ஒரு காயின்ல வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்துல கழிக்க முடியாது. விக்கும்போது ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க, கணக்குத் தாக்கல் பண்ணா அதை வரியில சரிக்கட்டலாம். மிச்சம் வர்றதை அம்மா தண்டல்ல ஏதாவது நிலுவை இருந்தா முதல்ல அதுல கட்டுங்க. 120 சதவீதக் கடனை அடைக்கிறதை விட அதிக லாபம் தர்ற முதலீடு எனக்குத் தெரியாது.

ஸ்வநிதிக்குக் கூடைக்காரங்க நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு மழை விட்டதும் கிளைக்குப் போறேன். ஆதார், ஆதாரோட இணைச்ச போன் நம்பர், பேங்க் பாஸ்புக், மாநகராட்சி கொடுத்த வியாபாரி அட்டை. அட்டை இல்லாதவங்க மாநகராட்சியில பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கணும். வியாசர்பாடில இருந்து அம்மாவும் வர்றதா இருந்தா சொல்லுங்க தம்பி, அந்தப் பிடிச்ச பணத்துக்கான மனுவையும் அன்னைக்கே சேர்த்துக் கொடுத்துடலாம்.